முப்பத்தெட்டு மில்லிமீட்டர் புஷ்

தேவசகாயம் கணபதிப் பகுதியில் ஒரு பம்பு கம்பெனியில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்தவர். ஐம்பத்து நான்காவது வயதில், கார் டியூனிங் கற்க நசீமாவின் ஷெட்டில் சேர்ந்தார். நசீமாவுக்கு வயது முப்பத்தைந்து.

எட்டு மாதம் கழித்து ஒரு காரை அவர் பொறுப்பில் விட்டார் நசீமா. அதுதான் அவர் தனியாகச் செய்யும் முதல் கார். உரிமையாளர் நவநீதன் நான்கு மணிக்கு எடுக்க வருவதாக இருந்தது.

இன்ஜினுக்கு வேகம் கூட்டியாகிவிட்டது. புகை தாராளமாக வெளியேற வேண்டுமென்று, அதைச் சுத்தமாக்கும் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைப் போட்டிருந்தார் தேவசகாயம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் ஒரு சென்சார் உண்டு. புகை சுத்தமாகவில்லை என்றால் அது சொல்லிவிடும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.

ஓட்டிப் பார்த்தபோது மூன்று முறை எரிந்தது. மூன்று முறையும் நாற்பது கிலோமீட்டருக்குள்.

நான்காம் முறை எரியவில்லை.

"நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டேங்கம்மா. விளக்கு வரலை," என்றார்.

"எந்தக் குழாய் போட்டீங்கண்ணா?"

"அதே குழாய்தான். சென்சாருக்கு அடியில குட்டிக் குழல் மாதிரி ஒரு புஷ் கடைஞ்சு வச்சேன். முப்பத்தெட்டு மில்லிமீட்டர். சென்சார் மேல ஏறிடுச்சு. புகை அதுமேல சரியாப் படாது."

"உங்க கேஜைக் கொஞ்சம் கொடுங்க."

துளையின் அளவைச் சரிபார்க்கும் கருவி; பழைய கம்பெனியிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே பொருள் அது. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. அதற்கு நோ-கோ என்று பெயர்.

நசீமா கழிவுத் தொட்டியிலிருந்து துளை போட்ட ஓர் இரும்புத் துண்டை எடுத்தார். நோ-கோ முனையை அதன் துளையில் நுழைத்தார். உள்ளே போனது.

"இது தேறுமா?"

"தேறாது. துளை பெருசு."

நசீமா நோ-கோ முனையில் இரண்டு சுற்று டேப் ஒட்டினார். மறுபடி நுழைத்தார். போகவில்லை.

"இப்ப?"

தேவசகாயம் கேஜை வாங்கிக்கொண்டார். டேப்பை நகத்தால் உரித்தார். பசை போகத் துணியால் மூன்று முறை துடைத்தார். பிறகு காருக்கு அடியில் படுத்தார்.

நான்கு மணிக்கு நவநீதன் வந்தபோது கார் இன்னும் ஜாக்கியில் இருந்தது.

"விளக்கு அணைஞ்சிடுச்சுன்னு போன்ல சொன்னீங்களே?"

"அது தானா அணையலைங்க தம்பி. சென்சார் வாயைப் பொத்தி வச்சிருந்தேன்."

"பொத்தினபடியே குடுங்க. எனக்கென்ன?"

"அப்படிக் குடுக்க எனக்குக் கை வராதுங்க."

"வேற ஷெட்டுல அரை மணி நேரத்துல செஞ்சு குடுப்பாங்க."

"செய்வாங்க."

நவநீதன் நசீமாவைப் பார்த்தார். நசீமா ஒரு நட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வேற வழி என்னதான் இருக்கு?"

"பழைய கன்வெர்ட்டர்ல சல்லடை மாதிரி சதுர அங்குலத்துக்கு நானூறு கண். இருநூறு கண் வச்ச உலோக கன்வெர்ட்டர் கிடைக்கும். புகை தாராளமாப் போகும், ஓரளவு சுத்தமாவும் போகும். வெறும் குழாயை விட ஆறு குதிரை சக்தி குறையும்."

"அப்ப விளக்கு எரியாதா?"

"போட்டு ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன். எரிய வேண்டியதுன்னா எரியும்."

நவநீதன் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே சற்று நின்றார். திரும்பி வந்து சாவியை மேஜையில் வைத்தார்.

"சனிக்கிழமை வரேன்," என்றார்.

அவர் போன பிறகு தேவசகாயம், கழற்றி வைத்திருந்த புஷ்ஷைத் துடைத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எங்கும் ஒரு கீறல் இல்லை.

"நூலளவு பிசகாமக் கடைஞ்சதுங்கம்மா. இதை என்ன பண்றது?"

"கேஜ் பெட்டியில வைங்கண்ணா," என்றார் நசீமா. "நோ-கோ பக்கம்."