மாளிகையைச் சுற்றிய பல்லக்கு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா பல்லக்கிலிருந்து சேற்றில் விழுந்தார். விழவைத்தவன் அரண்மனை விகடகவி பிச்சாண்டி. பக்கத்தில் நடந்தவன் வாய் சும்மா இராமல் ஒரு வேடிக்கை சொல்ல, பல்லக்குத் தூக்கிகள் ஆறு பேரும் குலுங்கிச் சிரிக்க, பல்லக்கும் குலுங்கிவிட்டது. அவன் சொன்ன வேடிக்கைகளில் எல்லாரும் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

"ஆறு பேரையும் விரட்டுங்கள்" என்றார் ராஜா.

பிச்சாண்டி ஓடிவந்து காலில் விழுந்தான். "மகாராஜா, வாயைத் திறந்தது நான், அவர்கள் வயிறு காயலாமா? கோயிலில் சுவாமியைத் தூக்குகிறவர்களுக்கு அடி பிசகுவதே இல்லை. இவர்களை ஒரு மாதம், கூலியும் கொடுத்து, அங்கே பழக அனுப்புங்கள்."

ராஜா இசைந்தார். ஆறு பேரும் ஒரே சீராக அடிவைக்கவும், நிற்காமலே தோள் மாற்றவும் பழகினார்கள். கூடப் போன பிச்சாண்டி மட்டும் தன் காலைத் தானே மிதித்துக்கொண்டு நொண்டி வந்தான்.

ஆற்றங்கரை மாளிகைக்கு நான்கு நாழிகை பிடித்த வழி இப்போது இரண்டே நாழிகை. ராஜா பல்லக்கில் குறட்டையே விட்டார்.

பிச்சாண்டியைக் கண்டாலே ஆகாதவர் பிரதானி அருமைநாதர். "தூக்கிகளுக்கு நாழிகைக்குத்தான் கூலி. பாதி நேரம், பாதிக் கூலி" என்று விதித்துவிட்டார்.

தூக்கிகளின் தலைவன் சடையன் பிச்சாண்டியிடம் வந்து நின்றான். "சாமி, உங்க புண்ணியத்துல வேலை நிலைச்சுது, தொழிலும் நல்லாப் படிஞ்சுது. சாகறவரைக்கும் மறக்க மாட்டோம். ஆனா கத்துக்கிட்டதுக்கு அரைவயித்துக் கஞ்சியா?"

பிச்சாண்டி ராஜாவிடம் கேட்டான். "பார்ப்போம்" என்றார். மறுநாளும் கேட்டான். மறுநாளும் "பார்ப்போம்". பிறகு பிச்சாண்டி சடையன் காதில் ஏதோ சொன்னான்.

மாளிகையில் விருந்து. பிரதானியைச் சுமந்த பல்லக்கு இரண்டு நாழிகையில் வாசலுக்கு வந்தது. ஆனால் நிற்கவில்லை, மாளிகையைச் சுற்றத் தொடங்கியது. முதல் சுற்றில் நெய் மணத்தது. மூன்றாம் சுற்றில் பாயசம் மணத்தது.

"இறக்குங்கடா" என்றார் பிரதானி.

"பழைய கூலிக்கு இன்னும் ரெண்டு நாழிகை நடக்கணுங்களே, எசமான்" என்றான் சடையன், அடி பிசகாமல்.

மேல்மாடத்திலிருந்து ராஜா கேட்டார்: "என்ன கூத்து இது?"

"பிரதானியாரின் விதிதான், மகாராஜா" என்றான் அருகில் நின்ற பிச்சாண்டி. " நேரத்துக்குக் கூலி என்றால் நேரத்தைத்தானே தருவார்கள்? நாளை தங்களுக்கும் ஐந்தாறு சுற்று உண்டு."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துப் பிச்சாண்டிக்குப் போர்த்தினார். அவன் கண் கலங்கிக் கும்பிட்டான்.

"சால்வை எனக்கு ஆயிற்று, மகாராஜா. அவர்களுக்கு?"

ராஜா வாயைத் திறந்தார். வழக்கமான சொல்லை விழுங்கிக்கொண்டார்.

"இனிக் கூலி வழிக்குத்தான், நாழிகைக்கு இல்லை. பழைய கூலி முழுதும் உண்டு. பழகிய தொழிலுக்கு மேற்கொண்டு கால் பங்கு. இன்றைக்கே."