கறுப்பில் ஒரு சொட்டு நீலம்

"உரியாத பெயிண்டுக்கு என்னங்க ரகசியம், அம்மணி?"

இந்தக் கேள்வியோடுதான் அர்த்தநாரி கொல்லிமலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். வந்து மூன்று மாதம் ஆகிறது. பதில் இன்னும் வந்தபாடில்லை.

கேட்டவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ராசிபுரத்தில் இருபது வருஷம் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்த கை. பதில் சொல்ல வேண்டிய கோகிலவாணிக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. ஒரு தகரக் கொட்டகையில் பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் மூடிகளைச் சுத்தம் பண்ணி, புதுசாகப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பது அவள் வேலை.

அவள் அடித்தது பத்து வருஷமானாலும் அப்படியே இருக்கும். அவர் அடித்தது மறுவருஷமே கருவாட்டுச் செதில் மாதிரி எழும்பிக்கொள்ளும். அப்படி எழும்பி எழும்பியே வாடிக்கை எல்லாம் போய், கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் அவர்.

முதல் நாள் ஸ்ப்ரே கன் கொடுப்பாள் என்று நினைத்தார். தேய்ந்துபோன பல் துலக்கும் பிரஷ் ஒன்றைக் கொடுத்தாள்.

"முதல்ல பழைய பெயிண்டை எடுக்கப் பழகுங்ணா. அடிக்கறது அப்புறம்."

எடுப்பதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தார். இரும்புச் சாமானுக்குச் செய்கிற மாதிரியே வாளித் தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, அலுமினிய மூடி ஒன்றை அதில் முக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தால் வாளி பொங்கிக்கொண்டிருக்கிறது. பெயிண்ட் போயிருந்தது. கூடவே அலுமினியமும் போயிருந்தது. மிச்சம் இருந்தது கறுத்துப்போய், கறையான் தின்ற பலகையாட்டம் கிடந்தது.

கோகிலவாணி ஒரு வார்த்தை வையவில்லை. அதை நன்றாகக் கழுவி, ஒரு கம்பியில் கோத்து, அவர் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே சுவரில் மாட்டிவிட்டுப் போனாள்.

பிறகுதான் முறையைக் காட்டினாள். பெயிண்ட் ரிமூவரைக் கெட்டியாகத் தடவணும். காயாமல் இருக்கப் பாலிதீன் தாளைச் சுற்றணும். காத்திருக்கணும். பால் ஆடை மாதிரி பெயிண்ட் தானாகச் சுருங்கி மேலே வரும். அப்போது தேங்காய்ச் சிரட்டைச் சில்லால் வழிக்கணும். இரும்பு படவே கூடாது.

அர்த்தநாரிக்குக் காத்திருக்கத் தெரியாது. சுருங்குவதற்கு முன்னாலேயே கை ஸ்க்ரூடிரைவரைத் தேடும். ஒவ்வொரு தரமும் அவள் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு சிரட்டைச் சில்லை வைப்பாள்.

"சுரண்டாதீங்ணா. ஊறட்டும்."

அவள் வாயிலிருந்து வந்த உபதேசம் மொத்தமே அவ்வளவுதான்.

அவரும் சும்மா இருக்கவில்லை. தன் பங்குக்கு ஒரு ரகசியத்தைச் சொன்னால் அவளும் தன்னுடையதைச் சொல்லுவாள் என்று, வந்த வாரமே தன் தொழில் ரகசியத்தை அவிழ்த்துவிட்டார்.

"கறுப்பு நல்லாக் கறுப்பாத் தெரியணும்னா டப்பாவுல ஒரு சொட்டு நீலம் விடணுமுங்க. இந்த ஜில்லாவுல என்னையத் தவிர ஒருத்தனுக்கும் தெரியாது."

"அப்படிங்களா," என்றாள். அதோடு சரி.

போன திங்கட்கிழமை காலையில் அவர் கொட்டகைக்கு வரும்போது அவருடைய தட்டில் புதுசாக ஒரு மூடி இருந்தது. மலைமேல் இருக்கிற தபால்காரர் வையாபுரியின் வண்டி மூடி. கிளட்சை மூடி, உள்ளே எண்ணெயைத் தாங்கி நிற்பது. பெயிண்ட் முக்கால்வாசி உரிந்திருந்தது. எண்ணெயும் கசிகிறதாம். எல்லாம் எடுத்துவிட்டுப் புதுசாக அடிக்கணும் என்று விடியற்காலையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அர்த்தநாரி ரிமூவரைத் தடவினார். பழைய துணியால் ஒரு ஓரத்தைத் துடைத்தார். துணியில் கறுப்பு வந்தது. கறுப்பின் விளிம்பில் நீலம் படர்ந்தது.

அது அவர் விட்ட சொட்டு.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மெக்கானிக் இந்த மூடியை ராசிபுரத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தான். யார் வண்டி என்று அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கழுவும்போது ஈரக் கையிலிருந்து நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் விரல் நீளத்துக்கு விரிசல். அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. ஒட்டுகிற புட்டிப் பசையைப் பிசைந்து அடைத்து, உப்புத்தாளால் இழைத்து, மேலே கறுப்பை அடித்துக் கொடுத்தனுப்பினார். மெக்கானிக் ஆஹா என்றுவிட்டுப் போனான்.

இப்போது அதே மூடி. அதே இடத்தில் மட்டும் பெயிண்ட் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. மூடி முழுக்க அவர் பெயிண்ட் நிலைத்து நின்ற ஒரே இடம் அதுதான்.

துணியைச் சுருட்டி மூலையில் வீசினார். கோகிலவாணியிடம் போனார்.

"ஏனுங்க அம்மணி, நல்லா ஒட்டியிருக்கற பெயிண்டை எதுக்குங்க எடுக்கணும்? அது மேலயே தேச்சு அடிச்சுரலாமே."

"எந்த இடத்துலங்க நல்லா ஒட்டியிருக்குது?"

அவர் விரல் தானாகப் போய் அந்த இடத்தைத் தொட்டது. தொட்ட பிறகுதான் தொட்டது தெரிந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். நகத்தால் அங்கே ஒரு தட்டுத் தட்டினாள். தள்ளி இன்னொரு தட்டு. ரெண்டு சத்தமும் ஒன்றாக இல்லை.

"ஊறட்டுங்ணா," என்றுவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அந்த இடத்தைத் தவிர மீதி எல்லாவற்றையும் எடுத்து முடித்தார். வெள்ளை வெளேரென்ற மூடியில் ஒரு கறுப்புத் திட்டு மட்டும் மச்சம் மாதிரி நின்றது. மத்தியானம் களியைப் பிசைந்தபடி அதையே பார்த்தார். இதை மாட்டிக்கொண்டு தபால்காரர் அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கணும். கசிகிற எண்ணெய் எங்கே போகும்? பின் டயருக்குத்தான் போகும்.

சொல்லிவிடலாம். சொன்னால் இவள் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். இந்த வயசில் இன்னொரு வாசலில் போய் யாரிடம் பிரஷ் கேட்பது?

புதன்கிழமை காதுகுத்து இருக்கிறது என்று சொல்லி லீவு வாங்கிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினார். பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். இதே மாதிரி மூடி ஒன்று கிடைத்தால் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடலாம் என்று நினைப்பு. கிடைக்கவில்லை.

சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"காதுகுத்து நல்லா நடந்துச்சுங்களாண்ணா?"

"நடந்துச்சுங்க."

"குழந்தை அழுதுச்சா?"

"கொஞ்சமா."

"குத்தும்போது கொஞ்சம் அழுவத்தான் செய்யும்," என்றாள் அவள், கார்புரேட்டரை ஊதிக்கொண்டே.

வியாழக்கிழமை மூடி ஆயிற்றா என்று பார்க்க, வையாபுரிக்குப் பதில் அவர் மகள் செவ்வந்தி பஸ்ஸில் வந்தாள். நாமக்கல்லில் காலேஜ் படிக்கிற பெண். கோகிலவாணி அவளை அர்த்தநாரியின் பக்கம் கைகாட்டிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

அந்தப் பெண் மூடியைப் பார்த்தபடி நின்றாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, உள்ள எங்கியாச்சும் அடி பட்டிருக்குதுங்களா?"

அர்த்தநாரி நிமிர்ந்து பார்த்தார். ஏன் கேட்கிறாய் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் சொன்னாள். போன வருஷம் அப்பா அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாராம். மூணாவது வளைவில் வண்டியை வலப்பக்கமாகச் சாய்த்துவிட்டாளாம். அதற்கப்புறம்தான் எண்ணெய் கசிகிறதாம். மெக்கானிக் ரெண்டு தரம் பேக்கிங் மாற்றியும் நிற்கவில்லை. போன மாசம் பின் டயரில் எண்ணெய் பட்டு வழுக்கி, அப்பாவுக்கு முழங்கை பெயர்ந்துவிட்டதாம்.

"அப்பா ஒண்ணும் வையலீங்க. ஆனா முந்தியெல்லாம் வண்டிச் சாவி சுவத்து ஆணியிலதான் தொங்கும். இப்ப அவரு சட்டைப் பாக்கெட்டுல இருக்குது."

அவள் மூடியின் ஓரத்தை விரலால் தொட்டாள்.

"நான் போட்டதுனாலதான்னா சொல்லிருங்க. தெரிஞ்சுக்கிட்டாத் தேவலைங்க."

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். இந்தப் பெண் ஏற்கெனவே பாதி நம்பிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். அவர் தலையை அசைத்தாலே மீதியையும் நம்பிவிடுவாள். புட்டியையும் யாரோ மெக்கானிக் தலையில் கட்டிவிடலாம். அப்புறம் ஒரு கேள்வி இல்லை.

அவர் தலையைத் தூக்கினார். எதிர்ச் சுவரில் கறையான் தின்ற அந்த மூடி தொங்கிக்கொண்டிருந்தது.

"உக்காரு கண்ணு," என்றார். "கால் மணி நேரம் ஆகும்."

கறுப்புத் திட்டின் மேல் ரிமூவரைத் தடவினார். பாலிதீன் தாளைச் சுற்றினார். சுற்றிவிட்டு அதன் எதிரே உட்கார்ந்தார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பாலிதீனுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஒரு லாரி மலை ஏறுவதற்கு முனகியது. ஸ்க்ரூடிரைவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து ஓடிப்போய் அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் என்ன என்று ஒரு தரம் தோன்றியது. முழங்கால் ரெண்டும் அதற்குத் தயாராகக்கூட இருந்தன.

கறுப்பு சுருங்கியது.

சிரட்டைச் சில்லால் வழித்தார். பெயிண்ட் வந்தது. கீழே சாம்பல் நிறத்தில் புட்டி. அதன் ஓரத்தில் சில்லைக் கொடுத்து நெம்பினார். ஆறின புண்ணின் பொருக்கு மாதிரி ஒரே துண்டாகக் கழன்று வந்தது. அடியில் விரிசல் விரல் நீளத்துக்குப் பளிச்சென்று கிடந்தது.

"இது நீ போட்டதுல வந்ததில்ல, கண்ணு. நீ விழறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே என் கையிலிருந்து விழுந்தது. அடைச்சு, மேல பெயிண்ட் அடிச்சு, ஒண்ணும் தெரியாத மாதிரி கொடுத்தவன் நான்தான்."

செவ்வந்தி அவரைப் பார்க்கவில்லை. அந்தப் புட்டித் துண்டைத்தான் பார்த்தாள். அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"நீங்க வந்து அப்பாகிட்டச் சொல்லுங்க," என்றாள். "நான் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றேம்பாரு."

"நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வர்றேன்."

அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். வாசலைத் தாண்டியதும் நடை ஓட்டமாக மாறியது.

அர்த்தநாரி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பையைத் தேடினார். போகச் சொல்வதற்கு முன்னால் போய்விடுவது மரியாதை.

"வெல்டிங்காரரு மத்தியானம் வர்றாருங்ணா," என்றாள் கோகிலவாணி, திரும்பாமலே. "அலுமினியத்துக்குப் பத்தவைக்கற ஆளு. அந்த விரிசலைத் துடைச்சு ரெடியா வெச்சிருங்க."

அவர் நின்றார். விரிசலை அவள் இன்னும் கிட்டே வந்து பார்க்கக்கூட இல்லை.

"அவருகிட்ட எப்பங்க சொன்னீங்க?"

"திங்கக்கிழமை."

அவள் திரும்பிக் கொடியைக் காட்டினாள். அவர் மூலையில் வீசிய பழந்துணி, துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. என்னதான் துவைத்தாலும் கறுப்பின் விளிம்பில் அந்த நீலம் போகவில்லை.

அர்த்தநாரி துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கலாமேங்க, அம்மணி."

அவள் வந்து அவர் கையிலிருந்த சிரட்டைச் சில்லை வாங்கி வைத்தாள். மூடியை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்து, அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

"எங்கியாச்சும் சுரண்டின கீறல் ஒண்ணு விழுந்திருக்குதா, பாருங்ணா."