யாருக்கும் பயன்படாத பொட்டல்

ஊருக்கிருந்த ஒரே மேய்ச்சல் பொட்டலையும் மனைகளாக்க மனு போட்டார் மனை வியாபாரி திருவேங்கடம். விசாரிக்க வந்த தாசில்தாருக்கு அந்தப் பொட்டலிலேயே பெரிய பந்தல் போட்டு, வரிசையாகக் கார்களையும் நிறுத்தியிருந்தார்.

“யாருக்கும் பயன்படாத இடம் சார். பயன்படுதுன்னா இந்தம்மா நிரூபிக்கட்டும்” என்று ஆடு மேய்க்கும் இருளாயியை இளக்காரமாகக் காட்டினார்.

இருளாயி ஆத்திரத்தோடு முன்னால் வந்தாள். “பக்கத்துல இருபது ஏக்கர் வாங்கியிருக்கீங்களே மொதலாளி, பந்தலை அங்க போடலையா?”

“அங்க ஏது இடம்? பூராவும் பிளாட் கல்லு நட்டாச்சு. நாலு பேர் கூடணும்னா இந்தப் பொட்டல்தான்.”

“கேட்டீங்களா ஐயா? இது இல்லாம இவருக்கே காரியம் ஆகலை. நாளைக்கு அங்க குடிவர்றவங்க எங்க கூடுவாங்க? எங்க ஆடு எங்க மேயும்?”

தாசில்தார் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டு எழுந்து, திருவேங்கடத்தின் பக்கம் திரும்பினார்.

“பந்தலை இப்பவே பிரிங்க. ஆடு மேயணும்.”