செம்பி பிடித்த பொந்துகள்

சோலைக்காட்டில் செம்பி என்றொரு மலை அணில் இருந்தது. இது நான் கண்ட கதையல்ல, ஒருவர் சொல்லக் கேட்டது. கேட்டபடியே சொல்கிறேன்.

அந்தக் காட்டில் ஒரு மரநாய் தன் பொந்தை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு பருவம் முழுக்கப் பலாச்சுளை தின்றதாம். அதைக் கேட்டதிலிருந்து செம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பொந்தின் வாயில் யாருடைய பல் பதிந்திருக்கிறதோ அவருக்கே பொந்து என்பது அங்கே வழக்கம். செம்பி கண்ணில் பட்ட பொந்தையெல்லாம் கடித்து வைத்தது. சாய்ந்த மரம், உளுத்த மரம், எறும்பு மொய்த்த மரம் எதையும் விடவில்லை.

ஆனால் மழை பெய்தால் பட்டை வளர்ந்து தடம் மூடிவிடும். மறுபடி கடிக்காவிட்டால் பொந்து கைவிட்டுப் போகும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் செம்பி மரம் மரமாக ஓடியது. பழம் பறிக்கப் பொழுதில்லை. கூட்டில் குட்டிகள் இரண்டும் வயிறு ஒட்டிக் கிடந்தன.

வாங்க யாரும் வரவில்லை. செம்பியே போய்க் கேட்டது. தனக்கு ஒரு பொந்து போதும் என்று ஆந்தை கண்ணை மூடிக்கொண்டது. அழுகல் நாவல்பழம் ஒன்று தருவதாகச் சொல்லி மைனா சிரித்தது. குக்குறுவான் மட்டும் நயமாகச் சொன்னது: “எனக்கு அலகு இருக்கிறது தங்கச்சி. நானே குடைந்துகொள்வேன். உன்னிடம் எதற்கு வாங்க வேண்டும்?”

அந்தக் கேள்வி செம்பியைத் தைத்தது. மறுநாள் அது பொந்து பொந்தாகப் போனது. ‘இதில் குடியிருக்கப் போவது யார்?’ என்று தன்னையே கேட்டது. பதில் வராத பொந்தை அப்படியே விட்டு இறங்கியது.

பக்கத்து மரத்திலிருந்து பார்த்த கருமந்திக் குரங்குக்குப் பொறுக்கவில்லை. “பாடுபட்டுப் பிடித்ததை விடுகிறாயே, பைத்தியமா உனக்கு?”

“பட்டபாடு பட்டதுதான் மாமா. அதற்காக இன்னும் பட வேண்டுமா?”

நாலைந்து பொந்துகளே மிஞ்சின. மிஞ்சிய பொழுதில் செம்பி பழம் சேர்த்தது. குட்டிகள் தேறின.

பனிக்காலத்தில் ஓர் இருவாச்சி ஜோடி வந்தது. முட்டையிட உயரத்தில், உள்ளே அகன்ற பொந்து வேண்டும். அலகு எவ்வளவு பெரிதானாலும் அவற்றுக்குக் குடைய வராது. செம்பியிடம் அப்படி ஒன்று இருந்தது. அதற்கு ஈடாகச் செம்பி தினம் ஒரு குலை அத்திப்பழம் கேட்டது.

“இவள் உள்ளேயே அடைந்து கிடப்பாள். குஞ்சு பொரித்தால் அதற்கும் நான்தான் ஊட்ட வேண்டும்,” என்றது ஆண் இருவாச்சி. “இரை கொண்டு வரும்போதெல்லாம் உனக்கு ஒரு பழம். ஒத்துவராவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொள்கிறோம்.”

விடாதே, இறங்கி வருவார்கள் என்று மந்தி கண்ணைக் காட்டியது. இன்னோர் இருவாச்சி எப்போது வரும் என்று செம்பி யோசித்தது. அடுத்த மழையும் நினைவுக்கு வந்தது.

“சரி அண்ணே,” என்றது. “வரும்போதெல்லாம் ஒன்று.”

மற்றப் பொந்துகளைக் கேட்டு அதன்பின் யாரும் வரவில்லை.

பிடித்து வைத்ததாலேயே பொருளுக்கு விலை வந்துவிடாது. வேண்டியவர் வரும்வரை வயிறு காயாமல் காத்திருப்பவரே விற்க முடியும்.

இருவாச்சி ஒருமுறை குடியிருந்த பொந்துக்கே ஆண்டுதோறும் திரும்புமா என்று பிறகு விசாரித்தேன். பெரும்பாலும் திரும்புமாம்.