கொழிஞ்சி தன் சிவப்பைக் கொடுத்த கதை

செடி கொடிகளுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. இருந்த வாயைச் சும்மா வைத்திருக்கவும் தெரியாது அவற்றுக்கு. பொழுது விடிந்தால் அடுத்த செடியின் வம்புதான். அப்போது ஒரு கல்லாங்காட்டில் கொழிஞ்சி என்று ஒருத்தி இருந்தாள். ரத்தச் சிவப்பாகப் பூப்பாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பாவம், வேறு என்ன சொத்து இருந்தது அவளுக்கு?

பூத்து என்ன பயன்? அந்த மண்ணில் சத்து என்று ஒன்றும் கிடையாது. இலை வெளுத்தது, காயெல்லாம் பதராகப் போனது. இந்த மழைக்கும் ஒரு விதைகூடத் தேறாவிட்டால் தன் வம்சமே அற்றுப்போகும் என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தாள்.

மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடிசுகள் கூட்டமாக அலைந்துகொண்டிருந்தன. காற்றைப் பிடித்துச் சமைத்து உரமாக்கும் வித்தை அவற்றுக்குக் கைவந்தது. அடுப்பு வைக்கத்தான் இடமில்லை. வேருக்குள் யாரை விட்டாலும் அழுகல் வரும், அதனால் யாரையும் விடக்கூடாது என்பது செடிகளின் கட்டுப்பாடு. ஒருநாள் அவை கொழிஞ்சியிடம் வந்து இடம் கேட்டன. அவளும் வழக்கப்படி வேரின் நுனி மயிரை வளைத்து ஒரு பொடிசை நெரிக்கப் போனாள்.

"நெரிப்பதென்றால் நெரித்துவிடு தாயே," என்றது அது. "பசியோடு அலைந்து அலுத்துவிட்டது."

பசி என்றதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் உள்ளே விட்டாள். பக்கத்து எருக்கு தலையில் அடித்துக்கொண்டு, இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று காடு முழுக்கச் சொல்லிவைத்தது.

கொழிஞ்சி வேரில் சின்னச் சின்ன முடிச்சாக வீடு கட்டிக்கொடுத்தாள். இலையில் காய்ச்சிய சர்க்கரையைக் கீழே இறக்கினாள். அப்படியும் சமையல் நடக்கவில்லை. மூச்சுக்கான உயிர்க்காற்று அளவுக்கு மீறிப் புகுந்து, மூட்டிய அடுப்பையெல்லாம் அணைத்தது. அதைக் கட்டிப்போட, ரத்தம்போல மூச்சைப் பிடித்துவைக்கும் உன் சிவப்பு வேண்டும் என்று பொடிசுகள் தயங்கித் தயங்கிக் கேட்டன.

கொழிஞ்சி அழுதாள். இருந்த ஒரே அழகு அதுதானே. அழுதபடியே, மொட்டுக்கு வைத்திருந்த சிவப்பையெல்லாம் வழித்து வேருக்கு அனுப்பினாள்.

"பூ எப்படி இருந்தால் என்ன. என் பிள்ளைகள் பதராகக் கூடாது."

அடுப்பு நின்று எரிந்தது. பொடிசுகளும் தின்றன, அவளுக்கும் ஊட்டின. இலை பச்சை பிடித்தது. அந்த மழைக்குக் காயெல்லாம் விதை கட்டி, வெடித்துக் காடெங்கும் சிதறின.

அன்றிலிருந்துதான் கொழிஞ்சி வெளிறிய ஊதாவாகப் பூக்கிறது. பூவைப் பார்த்து அவளை எடைபோட்டுவிடாதீர்கள். பச்சையாக நிற்கும் செடியின் வேர் முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே சிவந்திருக்கும்.