மண்ணின் வாயைத் திறந்தவள்

அந்தக் காலத்தில் நண்டுக்குப் பேச்சு இருந்தது, மண்ணுக்கு வாய் இருந்தது. ஆனால் மண்ணின் வாயை மனிதர்கள் தண்ணீரால் மூடி வைத்திருந்தார்கள்.

நாற்று நட்ட நாளிலிருந்து கதிர் பழுக்கும் வரை வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். நடுவில் ஒரு சாண் மண் வெளியே தெரிந்தாலும், "வயலைப் பட்டினி போட்டவள்" என்று அந்த வீட்டுக்காரிக்குப் பேர் வந்துவிடும். உலகம்மாளுக்கு அந்தப் பேர் வந்ததே இல்லை. விடிந்ததும் வரப்பில் நிற்பாள். நண்டு வளை கண்ணில் பட்டால் ஒரு கை சேற்றை உருட்டி அடைத்து, குதிகாலால் மிதித்த பிறகுதான் மறுவேலை. அவள் வயலில் வானம் எப்போதும் முகம் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் பயிர் தேறவில்லை. தண்ணீர் தளும்பியும் தாள் மஞ்சளித்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் கறுத்து, அழுகின முட்டையாய் நாறியது. கால் வைத்த இடமெல்லாம் குமிழிகள் கிளம்பி, பொளக் பொளக்கென்று வெடித்து, கண்ணுக்குத் தெரியாத ஆவியாக மேலே போயின. எல்லார் வயலிலும் அப்படித்தான். போன ஆவியெல்லாம் உலகத்தின் மேல் கம்பளியாகப் படிந்தது. வெயில் உள்ளே வந்தது, வெளியே போக வழியில்லை. சூடு ஏற ஏறக் குமிழி பெருகியது. குமிழி பெருகப் பெருகச் சூடு ஏறியது. மழை வழி தவறிப் போயிற்று. குளம் அடிமட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்த வெள்ளாமையும் போனால் உலகம்மாளுக்கு விதைக்கக்கூட நெல் மிஞ்சாது.

ஒரு காலையில் வளையை அடைக்கக் குனிந்தபோது, உள்ளிருந்து வந்த ஒரு கொடுக்கு அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

"விடு சனியனே!"

"முதல்ல நீ விடு. நான் தோண்ட, நீ அடைக்க. உனக்கு வேற சோலியே இல்லையா தாயி?" என்றது நண்டு.

"இருக்கிற தண்ணியெல்லாம் உன் வளை வழியா ஓடுது. அடைக்காம உனக்கு விருந்தா வைக்கச் சொல்லுதியா?"

"ஓடட்டுமே. கீழே மண்ணுக்கு மூச்சு முட்டுது. உள்ளே குடியிருக்கிற எனக்குத் தெரியாதா? சேத்துக்குள்ள அழுகுறதெல்லாம் ஆவியாக் கிளம்புது. காத்துப் பட்ட மண்ணுன்னா அதை வாயைத் திறந்து தின்னுரும். நீதான் தண்ணியால மூடி வச்சிருக்கியே!"

"மண்ணு தின்னுமாக்கும்? போ, போ."

"என் வாசல்ல மிதிச்சுப் பாரு. குமிழி வந்தா வளையோட சேர்த்து என்னையும் அடைச்சிரு," என்று விரலை விட்டது நண்டு.

மிதித்தாள். குமிழி வரவில்லை. நாற்றமும் இல்லை. வளையோரம் நின்ற ஒற்றைப் பயிர் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. அதன் வேர் வெள்ளையாக வளைக்குள் எட்டிப் பார்த்தது.

கையில் உருட்டி வைத்திருந்த சேற்றை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ தலைமுறைகள் உருட்டிய உருண்டை அது. பிறகு வரப்புக்கு அப்பால் வீசி எறிந்தாள்.

தண்ணீர் வடிந்தது. வானம் அவள் வயலைவிட்டுப் போயிற்று. மண் தெரிந்தது.

"ஏ உலகம்மா, உன் வயல் அம்மணமா நிக்குதே!" என்று பக்கத்து வயலிலிருந்து கத்தினாள் கோமு, அவளுடைய அண்ணன் மனைவி. "மானம் மறைக்க என் தண்ணியில ஒரு முழம் கிழிச்சுத் தரட்டுமா?"

"நீங்களே சுத்திக்கிடுங்க மதினி. ஈரத்துல ஜன்னி கண்டுறாம!"

வாய்தான் சிரித்தது. கை அடிக்கடி மடைப் பக்கம் போய்த் திரும்பியது. மண் இறுகி, மயிரிழை மயிரிழையாகக் கீறல் விட்டபோது அவளால் பார்க்கவே முடியவில்லை. மண்டியிட்டு ஒரு கீறலில் காதை வைத்தாள்.

பசித்த பிள்ளை பால் குடிக்கிற சத்தம் கேட்டது. மண் தன்னுள் கிளம்பிய ஆவியைத் தின்றுகொண்டிருந்தது. அது போதாமல், மேலே கிடந்த கம்பளியின் ஓரத்தையும் இழுத்து மென்றது.

"இப்ப தண்ணியை விடு," என்றது நண்டு. "ரொம்ப நேரம் வாயைத் திறந்திருந்தா தொண்டை காஞ்சிரும்."

உலகம்மாள் மடையைத் திறந்தாள். கீறல்களுக்குள் தண்ணீர் பாடிக்கொண்டே இறங்கியது. மறுபடி காயவிட்டாள், மறுபடி பாய்ச்சினாள். வேர் வெளுத்தது. தூர் கட்டியது. கதிர் கனத்து, தலை கவிழ்ந்து தன் கால் மண்ணையே பார்த்தது.

அறுப்பன்று கோமு வந்து வயலில் ஓங்கி ஓங்கி மிதித்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

"அந்த நண்டை என் வயலுக்கும் அனுப்பேன்," என்றாள், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

"என்னைக் குழம்பு வைக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொல்லு," என்றது வளைக்குள்ளிருந்து நண்டு.

அடுத்த நடவில் ஒவ்வொரு வயலாக வாய் திறந்தது. மிச்சப்பட்ட தண்ணீரில் குளம் நெஞ்சு நிமிர்த்தியது. கம்பளி நைந்து, இழை இழையாகப் பிரிந்தது. வழி தவறிய மழை ஊரைக் கண்டுபிடித்து வந்து இறங்கியபோது, பெண்கள் போட்ட குலவையில் கொக்குகள் கூட்டமாக எழும்பின. நனைந்த தலையோடு உலகம்மாள் நடு வயலில் நின்றாள். மண் தெரிந்தது. அவள் தலை நிமிர்ந்திருந்தது.

இதை மறந்தவர்களால் மூச்சடக்கிக் கிடக்கும் வயல்கள் இன்னும் உண்டு. கால் வைத்தால் குமிழி சொல்லிவிடும். அங்கேயும் ஒரு நண்டு, யாரும் கேட்காமலே, தோண்டிக்கொண்டுதான் இருக்கிறது. பேச்சு போய்விட்டது, வேலையை விடவில்லை.

உலகம்மாள் அந்தச் சேற்றை வீசி எறிந்த அன்று முதல்தான், குளம் நிறைய நீர் கிடந்தாலும், மண் மயிரிழை வெடிக்கும் வரை பொறுத்திருந்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லை வளர்க்கிறோம்.