கொசுறுக்கு பில் போட்டவர்

திண்டுக்கல்லில் பில் போடும் மென்பொருள் விற்கும் தணிகாசலத்தின் படைப்பில் குறையே கிடையாது. வாங்கிய காய்கறிக் கடைக்காரர்கள் எல்லாரும் அதைத் திருப்பிக் கொடுத்தது அவர்களுடைய புத்திக் குறைவாம்.

"கடையில திருடுற ஆளைக்கூட அதுவே காட்டிக்கொடுக்கும். இன்னிக்குள்ள ஒரு கடையிலயாவது ஓட்டிக் காட்டு. இல்லைன்னா வேலையை விட்டுப் போ," என்றார், வடிவமைப்புப் பழக வந்திருந்த செண்பகத்திடம்.

"சரி சார். உங்க கைராசியில ஆரம்பிப்போம். பரிபூரணம் அக்கா காய்கறிக் கடையில இன்னிக்கு நீங்களே பில் போடுங்க."

பெருமையோடு கல்லாவில் உட்கார்ந்தார். கத்தரிக்காய் வாங்கிய முதல் அம்மாள், "கொசுறா கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்க," என்று பையை நீட்டினாள். அவர் விலை பூஜ்யம் என்று தட்டினார். திரை ஏற்கவில்லை. வரிசை நீண்டது, வசவும் வந்தது. கடைசியில் பில்லை மறந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கறிவேப்பிலையை அள்ளிக் கொடுத்தார்.

சாயங்காலம் மிச்சச் சரக்கை நிறுத்துப் பதிந்ததும் திரை சிவந்தது: "கறிவேப்பிலை திருட்டு. திருடியவர்: கல்லாவில் இருந்த தணிகாசலம்."

செண்பகம் கைபேசியை எடுத்தாள். "உங்க மென்பொருள்லதான் குறையே கிடையாதே சார். போலீஸைக் கூப்பிடட்டுமா, இல்லை கொசுறுக்கு ஒரு பொத்தான் வைக்கட்டுமா?"